பியானோவும் ஹேமண்டும் ஒரே மேடையில்: கட்டையைப் பார்த்து வாங்குங்கள்

மேடைக்குக் கீபோர்டு வாங்கக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒலியில்தான் ஆரம்பிக்கிறார்கள். எதில் கிராண்ட் பியானோ நிஜம் போல இருக்கிறது, எதில் ஹேமண்ட் ஆர்கன் நன்றாக உறுமுகிறது என்று வீடியோக்களை மாற்றி மாற்றிப் பார்க்கிறார்கள். இன்றைக்கு நார்ட், யமஹா, ரோலண்ட், கோர்க், ஹேமண்ட்-சுசுகி என்று எதை எடுத்தாலும் ஒலி ஒரு கச்சேரிக்குத் தாராளமாகப் போதும். வாங்கி ஆறு மாதம் ஆனதும் வருத்தப்பட வைப்பது விரலால் அழுத்துகிற கட்டைதான். பியானோவுக்குத் தோதான கட்டையும் ஆர்கனுக்குத் தோதான கட்டையும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். இரண்டையும் ஒரே கட்டையில் தருகிற எந்தக் கருவியும் ஏதாவது ஒரு பக்கத்தை விட்டுக்கொடுத்துத்தான் செய்யப்பட்டிருக்கிறது. உங்களால் எந்தப் பக்கத்தை விட்டுக்கொடுக்க முடியும் என்று முதலில் தீர்மானியுங்கள். மாடல் பெயரெல்லாம் அதற்கு அப்புறம்.

கட்டைக்குக் கீழே என்ன நடக்கிறது

பியானோவில் கட்டையை அழுத்தினால் ஒரு சுத்தியல் கிளம்பிப் போய்த் தந்தியைத் தட்டுகிறது. அந்தச் சுத்தியலின் வேகம்தான் சத்தத்தின் அளவு. ஹேமர் ஆக்‌ஷன் கீபோர்டுகள் ஒவ்வொரு கட்டையோடும் ஓர் எடையை இணைத்து இந்த உணர்வைக் கொண்டுவருகின்றன. கிரேடட் வகையில் இடது பக்கக் கட்டைகள் கனமாகவும், வலது பக்கம் போகப் போக லேசாகவும் இருக்கும். அந்த எடை விரலுக்கு எதிர்ப்புக் கொடுப்பதால்தான் மிக மெலிதாக வாசிப்பது கைக்கு வசப்படுகிறது.

ஹேமண்ட் பி-3 ஆர்கனில் சுத்தியலே கிடையாது. ஒவ்வொரு கட்டைக்கும் 9 மின் தொடர்புகள் இருக்கின்றன. கட்டை இறங்கும்போது அவை மூடுகின்றன, ஒலி வருகிறது. தடவிக் கொடுத்தாலும் ஓங்கி அடித்தாலும் சத்தம் ஒரே அளவுதான். அந்த 9 தொடர்புகளும் ஒரே கணத்தில் மூடாமல் இம்மி முன்பின்னாக மூடுவதால் நோட்டின் தொடக்கத்தில் ஒரு 'டக்' கேட்கும். அதுதான் கீ கிளிக். ஹேமண்ட் நிறுவனம் அதைக் குறையாக எண்ணிக் குறைக்கப் பார்த்தது. ஜாஸ், ராக் வாசித்தவர்களோ அந்தக் கிளிக்கைத்தான் விரும்பினார்கள்.

ஆர்கன் வாசிப்பவர் உள்ளங்கையால் கட்டைகளை மொத்தமாக வழித்துவிடுவார், மேலிருந்து கீழே சர்ரென்று இழுப்பார், ஒரே நோட்டை இரண்டு கையாலும் மாற்றி மாற்றித் தட்டுவார். அதற்காகவே ஆர்கன் கட்டையின் முன்விளிம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்காமல், உருண்டு நேராகக் கீழே இறங்கும். இதை வாட்டர்ஃபால் கட்டை என்பார்கள். பியானோ பாணிக் கட்டையில் விளிம்பு உதடு போல வெளியே துருத்திக்கொண்டிருக்கும். அதில் உள்ளங்கையை இழுத்தால் தோல் சிக்கும். ஹேமர் எடையும் சேர்ந்துகொண்டால் இரண்டு பாட்டிலேயே கை ஓய்ந்துவிடும்.

திருப்பிப் பாருங்கள். ஸ்பிரிங் மட்டும் உள்ள வாட்டர்ஃபால் கட்டையில் பியானோ வாசித்தால் ஓங்கி அடிப்பதில் சிரமம் இல்லை. மெதுவான பாட்டுக்கு மெல்லிய கார்ட் வைக்கும்போதுதான் பிரச்சினை. நாலு விரல் வைத்தால் ஒரு நோட் மட்டும் துள்ளித் தெறிக்கும், இன்னொன்று கேட்கவே கேட்காது. டச் சென்சிட்டிவிட்டியை (விரல் வேகத்துக்கு ஏற்பச் சத்தம் மாறும் அளவை) மாற்றிப் பார்த்தால் ஓரளவு சரியாகும், முழுக்கச் சரியாகாது. ரோட்ஸ் போன்ற எலெக்ட்ரிக் பியானோவிலும் இது தெரியும். மெலிதாகத் தட்டினால் மணி போலவும், அழுத்தினால் குரைப்பது போலவும் மாறுகிற அந்தக் குணம் முழுக்க விரல் வேகத்தை நம்பியிருக்கிறது.

இன்னொரு நுணுக்கத்தை விளம்பரத் தாளில் தேடினாலும் கிடைக்காது. கீபோர்டில் ஒவ்வொரு கட்டைக்கும் குறைந்தது இரண்டு சென்சார் உண்டு. ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டையும் தொடுவதற்கு ஆகிற நேர இடைவெளியை வைத்துத்தான் சத்தத்தின் அளவு கணக்கிடப்படுகிறது. பியானோவுக்கு இது சரி. ஆர்கனுக்கு மேல் சென்சாரைத் தொட்ட உடனேயே ஒலி கிளம்ப வேண்டும். கீழ் சென்சார் வரை காத்திருந்தால் ஆர்கன் ஒரு எட்டு பின்தங்கி வருவது போலவே இருக்கும். கடையில் இதைச் சோதிக்க அரை நிமிடம் போதும். ஆர்கன் ஒலியைத் தேர்ந்தெடுத்து, ஒரு கட்டையை ஒரு விரலால் மிக மிக மெதுவாக அழுத்துங்கள். கால்வாசி இறங்கும்போதே ஒலி வந்தால் நல்லது. அடிமட்டம் வரை போய்த்தான் வருகிறதென்றால், வேகமான ஆர்கன் வாசிப்புக்கு அந்தக் கருவி ஒத்துவராது.

ஆர்கனைச் சோதிப்பது எப்படி

லாரன்ஸ் ஹேமண்டின் முதல் ஆர்கன் 1935-ல் வந்தது. இன்று எல்லோரும் நகலெடுக்கும் பி-3 வந்தது 1954-ல். பெடல் வரிசை, பெஞ்ச் எல்லாம் சேர்த்து 190 கிலோவுக்கு மேல். உள்ளே 91 பல்சக்கரங்கள் சுழன்று ஒலியைப் பிறப்பிக்கும். அதை 7, 8 கிலோ பெட்டிக்குள் அடக்கும்போது எதை விட்டுவிட்டார்கள் என்று பார்க்க நாலு சோதனைகள் உண்டு.

முதலில் டிராபார்கள், அதாவது ஒலிக்கலவையை மாற்ற இழுத்துத் தள்ளும் பட்டைகள். ஒரு வரிசையில் 9. குழாய் ஆர்கனின் குழாய் நீளத்தை வைத்துச் சுருதியைச் சொல்லும் கணக்கில், இடமிருந்து 16, 5⅓, 8, 4, 2⅔, 2, 1⅗, 1⅓, 1 அடி. முதல் இரண்டும் பழுப்பு. 8, 4, 2, 1 அடி நான்கும் வெள்ளை. மீதி மூன்றும் கறுப்பு. ஒவ்வொன்றும் 0 முதல் 8 வரை. ஆர்கன் கலைஞர் ஜிம்மி ஸ்மித் வழி ஜாஸ் ஒலி வேண்டுமென்றால் 88 8000 000 வையுங்கள். அதாவது முதல் மூன்று முழுக்க வெளியே, மற்றவை உள்ளே. இப்போது 1 அடி டிராபாரை மட்டும் இழுத்து மற்றவற்றைத் தள்ளிவிட்டு, கீழிருந்து மேலே ஒவ்வொரு கட்டையாக வாசித்துக்கொண்டு போங்கள். நிஜ ஹேமண்டில் சக்கரங்கள் 91-லேயே முடிந்துவிடுவதால் நான்காவது ஆக்டேவின் ஜி-யில் சுருதி ஏறுவதற்குப் பதில் ஓர் ஆக்டேவ் கீழே இறங்கும். கடைசி 18 கட்டைகளும் இப்படித்தான். கருவி இதைச் செய்யாமல் மேலே மேலே போய்க்கொண்டே இருந்தால், முழு டிராபாரில் வாசிக்கும்போது மேல் ஸ்தாயி காதைக் கிழிக்கும்.

இரண்டாவது பெர்கஷன். சி கட்டையை அழுத்திப் பிடியுங்கள். தொடக்கத்தில் 'டிங்' என்று ஒரு தட்டல் கேட்கும். அதை விடாமல் ஈ, ஜி இரண்டையும் சேருங்கள். அவற்றுக்கு அந்தத் தட்டல் வரக்கூடாது. எல்லா விரலையும் எடுத்துவிட்டு மறுபடி வைத்தால்தான் வர வேண்டும். பெர்கஷன் போட்டிருக்கும்போது 1 அடி டிராபார் ஊமையாகிவிடுவதும் நிஜ பி-3-இன் குணம். அந்தத் தொடர்பைத்தான் பெர்கஷன் பயன்படுத்திக்கொள்கிறது.

மூன்றாவது, ஒலியை லேசாக அசைத்துக் காட்டும் வைப்ராட்டோ, கோரஸ். வி1, வி2, வி3, சி1, சி2, சி3 என்று ஆறு நிலை. சி3-தான் அதிகம் புழங்குவது. அது மினுமினுக்க வேண்டும். மலிவான கோரஸ் எஃபெக்ட் போலக் குழைந்தால் விட்டுவிடலாம்.

நான்காவதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம்: லெஸ்லி. டான் லெஸ்லி உருவாக்கிய அந்த ஸ்பீக்கர் பெட்டியில் மேலே ஒரு கொம்பும் கீழே ஒரு டிரம்மும் தனித்தனி மோட்டாரில் சுழலும். 122 மாடலில் 800 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டது கொம்புக்கும், அதற்குக் கீழானது டிரம்முக்கும் போகும். கொம்பு லேசானது, வேகத்தை மாற்றினால் ஒன்றிரண்டு விநாடியில் எட்டிப்பிடித்துவிடும். டிரம் கனம், அது மெல்ல மெல்லத்தான் ஏறும், இறங்கும். இந்த இரண்டு வேகங்களும் ஒட்டாமல் நிற்கிற அந்தச் சில விநாடிகளில்தான் லெஸ்லியின் உயிரே இருக்கிறது. சோதிக்க, இடது கையில் தாழ்ந்த நோட்டையும் வலது கையில் உயர்ந்த நோட்டையும் பிடித்துக்கொண்டு வேகத்திலிருந்து மெதுவுக்கு மாற்றுங்கள். மேல் நோட் சட்டென்று அடங்கியும் கீழ் நோட் இன்னும் சுழன்றுகொண்டிருந்தால் வேலை ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். இரண்டும் ஒன்றாக இறங்கினால், அது வெறும் எஃபெக்ட்.

பியானோவைச் சோதிப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பெடலை மிதித்து ஒரு தாழ்ந்த கார்டை அடித்துவிட்டுக் கடைசிவரை காத்திருங்கள். ஒலி சுருண்டு சுற்றுகிறதா, இயல்பாகத் தேய்கிறதா என்று தெரிந்துவிடும். ஒரே நோட்டை மெலிதில் தொடங்கி உரக்க வரை இருபது தரம் தட்டினால் ஒலியின் நிறம் எங்கே குதிக்கிறது என்று காதில் விழும்.

வழி ஒன்று: வாட்டர்ஃபால் கட்டை, ஒரே கருவி

நார்ட் எலெக்ட்ரோ 6டி, யமஹா ஒய்சி61, ரோலண்ட் விஆர்-730 இந்த வகை. ஒய்சி61-இன் எடை 7.1 கிலோ. எலெக்ட்ரோவின் 61 கட்டை மாடலும் 73 கட்டை விஆர்-730-உம் 8 கிலோ சொச்சம். ஒரு கையில் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறலாம்.

ஸ்டாக்ஹோமில் செய்யப்படும் நார்டின் பலம் அதன் பியானோ நூலகம். நிறுவனத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கும் பியானோக்களில் வேண்டியதை ஏற்றிக்கொள்ளலாம், வேண்டாததை அழிக்கலாம். எலெக்ட்ரோ 6-இல் அதற்கு 1 ஜிபி இடம். ஒரே பியானோ சிறியது, நடுத்தரம், பெரியது என்று பல அளவில் கிடைக்கும். பெரியதாக நாலு ஏற்றி இடத்தை அடைப்பதைவிட நடுத்தரத்தில் ஒரு கிராண்ட், ஒரு அப்ரைட், ஒரு ரோட்ஸ், ஒரு வுர்லிட்சர் (இன்னொரு எலெக்ட்ரிக் பியானோ) என்று வைத்துக்கொள்வது மேடைக்கு நல்லது. ஆர்கனில் பி3 தவிர வாக்ஸ், ஃபார்ஃபீசா என்ற பழைய ஆர்கன்களின் மாதிரிகளும் உண்டு. விலைதான் கடி.

ஒய்சி61 அதைவிட மலிவு. லெஸ்லி நன்றாக இருக்கிறது, மெனுவுக்குள் நுழையாமல் எல்லாம் மேற்பலகையிலேயே கைக்கெட்டுகிறது. டிராபாரில் விளக்கு இருப்பது பெரிய வசதி. சேமித்து வைத்த ஒலியை அழைக்கும்போது கையில் இருக்கும் டிராபார் வேறு இடத்தில் இருக்கும்; விளக்குதான் உண்மையான அளவைக் காட்டும். விளக்கில்லாத டிராபாரில் பாட்டு நடுவே கை வைத்தால் ஒலி திடுக்கென்று குதிக்கும். ரோலண்ட் இந்த மூன்றில் விலை குறைந்தது. ஆர்கன் பக்கம் கொடுத்த காசுக்கு நியாயம் செய்யும். பியானோவைத் தனியாக வாசித்தால் மற்ற இரண்டும் முன்னால் நிற்கின்றன. குழுவோடு வாசிக்கும்போது அந்த வித்தியாசம் பெரும்பாலும் கரைந்துவிடும்.

61 கட்டை பியானோவுக்குப் போதாது என்பதை வாங்கும் முன்பே ஒப்புக்கொள்ளுங்கள். 73-இல் சமாளிக்கலாம். அந்த 73 என்ற எண் ரோட்ஸ் பியானோவிலிருந்து வந்தது; ஈ-யில் தொடங்கி ஈ-யில் முடியும். எலெக்ட்ரோ 73-உம் அப்படித்தான். சி-யில் தொடங்கும் கட்டைகளில் பழகியவர்கள் ஸ்பிளிட் வைத்து (கட்டைகளை இரண்டு ஒலிகளுக்குப் பிரித்து) வாசிக்கும்போது முதல் வாரம் இடது கை தடுமாறும்.

வழி இரண்டு: ஹேமர் ஆக்‌ஷன், ஒரே கருவி

யமஹா ஒய்சி73, ஒய்சி88, நார்ட் ஸ்டேஜ் 4-இன் 88 கட்டை. பியானோதான் பிரதானம், ஆர்கன் பின்னணியில் கார்ட் பிடித்து நிற்க மட்டும் போதும் என்பவர்களுக்கு இது சரியான வழி. தேவாலயப் பாடல் குழுக்களில் வாசிக்கிறவர்கள் பலருக்கு இதுவே பொருந்தும். நீண்ட கார்டை லெஸ்லி மெதுவில் பிடித்துக்கொண்டு, பாட்டின் கோரஸ் பகுதி வரும்போது வேகத்துக்கு ஏற்றுவதற்கு வாட்டர்ஃபால் கட்டை தேவையே இல்லை.

ஒய்சி88-இன் எடை 18.6 கிலோ, ஒய்சி73 13.4 கிலோ. ஸ்டேஜ் 4-இன் 88 கட்டை 20 கிலோவை நெருங்கும். பையும் ஸ்டாண்டும் தனி. 88 கட்டைக் கருவியின் நீளம் சுமார் 1.3 மீட்டர், ஆட்டோவில் குறுக்கே நுழையாது. வாரம் இரண்டு நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் இதைத் தங்கள் முதுகின் கேள்வியாக யோசிக்க வேண்டும்.

பழைய நார்ட் வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஸ்டேஜ் 3-இன் 88 கட்டை மாடலிலும் எலெக்ட்ரோ 6-இன் ஹேமர் மாடலான எச்பி-யிலும் இழுக்கும் டிராபார் கிடையாது. விளக்கு வரிசையும் பொத்தான்களும்தான். ஸ்டேஜ் 3 காம்பாக்டில் நிஜ டிராபார் உண்டு. பாட்டு நடுவே மூன்று விரலால் மூன்று டிராபாரை ஒன்றாக இழுக்கப் பழகியவருக்குப் பொத்தான் எந்த நாளும் ஒத்துவராது.

வழி மூன்று: இரண்டு கருவிகள், ஒன்றின்மேல் ஒன்று

இரண்டையும் உண்மையாகவே நேசிக்கிறவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான். கீழே ஒரு ஹேமர் ஆக்‌ஷன் டிஜிட்டல் பியானோ, மேலே 61 கட்டை ஆர்கன். இது பெரிய பாரம் என்று நினைத்துப் பலரும் ஒதுக்கிவிடுகிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். யமஹா பி-125 11.8 கிலோ. ரோலண்ட் விஆர்-09 5.5 கிலோ. கூட்டினால் 17.3. ஒய்சி88 ஒன்றைவிட ஒரு கிலோவுக்கு மேல் குறைவு! இரண்டாகப் பிரிந்திருப்பதால் தூக்குவதும் எளிது. ஒன்று மேடையில் மக்கர் செய்தால் இன்னொன்று கையில் இருக்கும். டோர்ஸ் என்ற ராக் குழுவின் ரே மன்சாரெக் வாக்ஸ் கான்டினென்டல் ஆர்கன்மேல் ரோட்ஸ் பியானோ பாஸை (பாஸ் மட்டும் வாசிக்கும் சிறிய கீபோர்டை) வைத்து, இடது கையில் பாஸ், வலது கையில் ஆர்கன் என்று வாசித்தார். அறுபதுகளிலேயே மேடையில் நின்ற வழிதான் இது.

சிக்கல் ஸ்டாண்டில் வரும். ஒற்றை எக்ஸ் ஸ்டாண்டில் மேல்தட்டைக் கோத்தால் ஆடும். மேலே உள்ளங்கையால் வழிக்கும்போது முழுவதும் முன்னும் பின்னும் ஊசலாடும். இசட் வடிவமோ மேசை வடிவமோ வாங்குங்கள். மேல் கருவியை முடிந்தவரை தாழ்த்தி, உங்கள் பக்கம் சற்றுச் சாய்த்து வையுங்கள். உயரமாக வைத்தால் அரை மணியில் தோள் வலிக்கும். இரண்டு கருவியின் சத்தத்தையும் வீட்டிலேயே சமன் செய்துவிட்டுப் போங்கள். இரண்டும் மிக்சரில் தனித்தனி லைனாகப் போனால் ஆர்கனைத் தனியாக ஏற்றி இறக்கவும் முடியும்.

லேப்டாப் வழியும் இருக்கிறது. ஆர்கனுக்கு ஜிஎஸ்ஐ-யின் விபி3, பியானோவுக்கு மோடார்ட்டின் பியானோடெக் போன்ற மென்பொருள்களின் ஒலி அருமை. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் (கணினி ஒரு தடவையில் சேர்த்து அனுப்பும் ஒலியின் அளவு) 128 என்றால் தாமதம் 2.7 மில்லிவிநாடி, 256 என்றால் 5.3, ஆடியோ இன்டர்ஃபேஸ் இன்னும் கொஞ்சம் கூட்டும். ஆர்கனுக்கு 128-க்கு மேல் போகாதீர்கள். யுஎஸ்பி ஒயர் உருவிக்கொள்வது, சார்ஜர் போட்டதும் ஸ்பீக்கரில் 'ஙொய்' என்று இரைவது, நடுவில் வரும் அப்டேட் இவற்றைச் சமாளிக்க உடன் ஓர் ஆள் இருந்தால் மட்டும் மேடைக்குக் கொண்டுபோங்கள். ஸ்டுடியோவுக்கு இதைவிட நல்லது இல்லை.

மேடையில் எங்கே கெடுகிறது

நம் ஊர் நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் ஸ்பீக்கருக்குப் போவது மோனோ, அதாவது இடது, வலது பிரியாத ஒற்றை ஒலி. வீட்டில் ஹெட்போனில் பரந்து விரிந்த பியானோ அங்கே டப்பாவுக்குள் இருந்து வருவது போலக் கேட்கும். இடது, வலது என்று இரண்டு மைக்கில் பதிவான ஒலியை ஒன்றாகக் கூட்டும்போது சில அலைவரிசைகள் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. கருவியிலேயே மோனோவுக்கு ஏற்ற பியானோவைத் தேடுங்கள். அப்ரைட் ஒலிகள் பல நேரம் தப்பிக்கும். இன்னொரு தந்திரமும் உண்டு. எல்/மோனோ என்ற வெளியீட்டுத் துளையில் மட்டும் ஒயர் போட்டால் பல கருவிகள் இரண்டையும் கூட்டி அனுப்பும். ஆர் துளையிலும் வெறும் பிளக் ஒன்றைச் செருகிவிட்டால் எல் வழியே இடது பக்கம் மட்டும் போகும். பாஸ் சற்றுத் தூக்கலாக இருக்கும், ஈக்யூவில் குறைத்துக்கொள்ளலாம். பள்ளம் விழுந்த ஒலியைவிட அது எவ்வளவோ மேல்.

அடுத்தது பெடல். சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் எக்ஸ்பிரஷன் பெடலில் ரோலண்ட் வகையும் யமஹா, கோர்க் வகையும் பிளக்கின் முனையையும் வளையத்தையும் இடம் மாற்றிப் பயன்படுத்துகின்றன. மாறிப் போட்டால் பெடலின் கடைசிக் கால் அங்குலத்தில் மட்டும் சத்தம் குபீரென்று ஏறும். பெடல் பழுது என்று நினைத்துத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கருவியின் அமைப்பில் வகையை மாற்றிப் பாருங்கள், இல்லாவிட்டால் இரண்டுக்கும் சுவிட்ச் உள்ள பெடலை வாங்குங்கள். ஆர்கனில் அந்தப் பெடலின் குறைந்த அளவைச் சுழியத்துக்கு இறக்க வேண்டாம். நிஜ ஹேமண்டின் பெடல் முழுவதும் மூடினாலும் ஒலி கொஞ்சம் கசிந்துகொண்டுதான் இருக்கும்.

சஸ்டெய்ன் பெடலில் இன்னொன்று: கருவியை ஆன் செய்யும்போது காலை அதன்மேல் வைக்காதீர்கள். பல கருவிகள் அந்த நொடியில்தான் பெடலின் திசையைக் கண்டறிகின்றன. கால் பட்டிருந்தால் அன்று முழுக்க மிதிக்காதபோது ஒலி நீளும், மிதித்தால் நிற்கும். அணைத்துவிட்டுக் காலை எடுத்து மறுபடி ஆன் செய்தால் சரியாகிவிடும். ஆர்கன் ஒலிகளுக்குச் சஸ்டெய்னை அமைப்பிலேயே துண்டித்துவிடுங்கள். பியானோ பழக்கத்தில் கால் தானாக அழுத்தி ஆர்கனைக் கூழாக்கிவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறவர்கள் எல்லாக் கட்டையையும் ஒவ்வொன்றாக, ஒரே மெலிதான அழுத்தத்தில் வாசித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு மட்டும் கத்தினாலோ விட்டுவிட்டு ஒலித்தாலோ, உள்ளே ரப்பர் தொடர்புப் பட்டையில் தூசி சேர்ந்திருக்கிறது. அந்தத் தூசி இரண்டு சென்சாருக்கும் இடையிலான நேரக் கணக்கைக் குழப்புகிறது. சுத்தம் செய்தால் பெரும்பாலும் தீரும் குறைதான். ஆனால் கட்டைகளைக் கழற்ற வேண்டும், அரை நாள் வேலை. அதை விலையில் கழித்துக் கேளுங்கள். டிராபாரை மெதுவாக இழுக்கும்போது அளவு ஏறி இறங்கித் தடுமாறினால் அதுவும் அழுக்குத்தான். தட்டிப் பார்க்கும்போது ஒரு கட்டை மட்டும் மற்றவற்றைவிடத் தாழ்ந்து நின்றாலோ பக்கவாட்டில் ஆடினாலோ, அந்த மாடலுக்கு உதிரிக் கட்டை கிடைக்கிறதா என்று சர்வீஸ் சென்டரில் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே முன்பணம் கொடுங்கள்.